சிறுகக் கட்டிப் பெருக வாழ்வோம்

சென்ற தை மாதத்தில் மட்டும் நாம் ஏழு புதுமனைகளை மந்திரித்தோம். அவற்றுள் ஆறு இல்லங்களில் அறைதோறும் சென்று தீர்த்தம் தெளித்து முடிப்பதற்கே அரைமணி நேரத்திற்கு மேலாயிற்று. கீழே நான்கு அறைகள், மேலே நான்கு அறைகள், வாயிலில் தூண்கள் தாங்கி நிற்கும் போர்டிகோ, தெருவை நோக்கிப் பளிங்கும் கண்ணாடியும் பதித்த முகப்பு. ஏழாவது இல்லம் ஒரு கொத்தனாருடையது. ஒரு கூடம், இரண்டு சிறு அறைகள், ஓர் அடுக்களை. ஐந்து நிமிடங்களில் மந்திரிப்பு நிறைவுற்றது. வந்திருந்தவர்களுள் ஒருவர் நம் காதருகே குனிந்து, "ஊருக்கெல்லாம் மாடி கட்டினவரு, தனக்கு இம்புட்டுதான் கட்டிக்கிட்டாரு பாருங்க சாமி" என்றார். அது கொத்தனாரின் செவியிலும் விழுந்தது. அவர் வருந்தவில்லை, சிரித்தார். "எந்த வீட்டுக்கு எவ்வளவு கடனாச்சுன்னு எனக்குத்தானே தெரியும் சாமி. அதனாலதான் சின்னதா கட்டினேன்."

அந்தச் சிரிப்பு நம்மைப் பல நாள் உறுத்திக்கொண்டேயிருந்தது. மற்ற ஆறு இல்லங்களிலும் நாம் என்ன பேசினோம்? "இறைவன் இக்குடும்பத்தை நிறைவாக ஆசீர்வதித்திருக்கிறார்" என்று பேசினோம். ஆசீர்வாதத்தை அறைகளின் எண்ணிக்கையால் அளந்தோம். அந்த அறைகளுள் எத்தனை வங்கிக்குச் சொந்தம், எத்தனை நகைக்கடைக்குச் சொந்தம் என்று கேட்கவில்லை. இன்று அதைக் கேட்க விரும்புகிறோம். பலருக்கு இது கசக்கும். ஆயினும் சொல்லாதிருப்பது மேய்ப்புப் பணியாகாது.

பூட்டிய அறைகளின் விலை

நம் மக்களுள் இருபத்தைந்து ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் உழைத்த ஒருவரை அறிவோம். அங்கே எட்டுப் பேரோடு ஒரே அறையில், அடுக்குக் கட்டிலில் படுத்துறங்கினார். இங்கே எட்டு அறைகள் கொண்ட மாளிகையை எழுப்பினார். மகன் வெளிநாட்டில், மகள் மணமாகி வேற்றூரில். மனைவி கீழ்த்தளத்தில் ஓர் அறையில் வாழ்கிறார். மாடிக்கு ஏற முழங்கால் இடந்தருவதில்லை. "வீடு பெரிசாத்தான் இருக்கு சாமி, கூட்டித் துடைக்கத்தான் ஆளில்ல" என்றார் அந்தத் தாய். அவர் கணவரோ ஐம்பத்தெட்டாம் வயதில் மீண்டும் விமானம் ஏறினார். குடும்பத்தோடு வாழ்வதற்கென்று கட்டிய வீடு, குடும்பத் தலைவரைக் குடும்பத்திலிருந்து பிரித்துவிட்டது. இதைவிடக் கொடிய முரண் உண்டோ?

கணக்கைப் பாருங்கள். தேவைக்கு மேல் இரண்டு அறைகள், ஒரு போர்டிகோ, அகன்ற மாடிப்படி ஆகியவற்றிற்கு 500 சதுர அடி கூடுதலாகிறது என்று கொள்வோம். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றாலும் 10 இலட்சம். அதை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறக்குறைய 9,000 ரூபாய். கடன் தீரும்போது செலுத்திய தொகை 21 இலட்சத்து 59 ஆயிரம் ரூபாயைத் தொட்டிருக்கும். பூட்டிக் கிடக்கும் இரண்டு அறைகளுக்கு இரு மடங்குக்கு மேல் விலை! அதே 9,000 ரூபாயை மாதந்தோறும் 6 விழுக்காடு வட்டி தரும் சேமிப்பில் 20 ஆண்டுகள் இட்டு வந்தால் 41 இலட்சத்திற்கு மேல் கையிலிருக்கும். பிள்ளையின் கல்வி, முதுமையின் மருத்துவம், தந்தை பத்து ஆண்டுகள் முன்னதாகவே வீடு திரும்பும் வாய்ப்பு ஆகிய அனைத்தும் அந்த 500 சதுர அடிக்குள் புதைந்து கிடக்கின்றன.

வட்டியும் நின்ற இடத்தில் நிற்பதன்று. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரையிலான ஒன்பதே மாதங்களில் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ விகிதத்தை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் பெற்றோர் அனைவரையும் அது தாக்கிற்று. 7 விழுக்காட்டில் 20 இலட்சம் பெற்று, மாதம் 15,500 ரூபாய் செலுத்தி வந்தவருக்கு வட்டி 9.5 விழுக்காடானால், அத்தவணை ஏறக்குறைய முழுவதும் வட்டிக்கே சரியாகிவிடும், முதல் அசையாது. தவணை உயராததால் பலர் அதை உணரவுமில்லை. கடனின் ஆயுள்தான் ஓசையின்றி நீண்டுகொண்டிருந்தது.

நம்மிடம் கூறப்படும் மறுமொழிகள்

"வீடு ஒரு முதலீடு சாமி" என்பர். வாடகை ஈட்டாத, விற்கும் எண்ணமில்லாத, ஆண்டுதோறும் வண்ணமும் வரியும் பழுதுபார்ப்பும் கேட்கும் ஒன்றை எப்படி முதலீடு என்பது? மதிப்பு ஏறுவது பெரும்பாலும் மனைக்குத்தான்; கட்டடம் நாளுக்கு நாள் தேய்வதே இயல்பு. போர்டிகோத் தூணுக்கு நாம் தந்த விலையை வாங்க வருபவர் தரப்போவதில்லை.

"வாழ்வில் ஒரு முறைதானே கட்டுகிறோம்" என்பர். ஒரு முறை கட்டுவதால்தான் கவனம் வேண்டும் என்கிறோம். சிறு வீட்டைப் பின்னர் விரித்துக்கொள்ளலாம். அடித்தளத்தை மேல்தளம் தாங்குமாறு போட்டுவைத்தால் பிள்ளைகள் பொருளீட்டும் காலத்தில் மாடி எழுப்பலாம். பெரு வீட்டைச் சுருக்குவதற்கு இதுவரை எந்த மேஸ்திரியும் வழி கண்டதில்லை.

"மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டாமா?" என்பர். இதுவே நம்மை மிகவும் வருத்தும் மறுமொழி. வீட்டின் முகப்பைக் கண்டு வருபவர்கள் அந்த முகப்புக்கேற்ற நகையையும் எதிர்பார்ப்பார்கள். முகப்புக்காகப் பட்ட கடனே நகைக்கு வழியடைத்து நிற்கும். வீட்டைப் பெரிதாகக் காட்டிப் பெற்ற உறவு, வீட்டை அடகுவைத்துக் காக்கப்பட வேண்டியதாகிறது.

இம்மூன்றுக்கும் பின்னால் மறைந்து நிற்பது, "ஊர் என்ன சொல்லும்?" என்னும் நான்காவது. ஊர் ஒரு நாள் சொல்லும். வங்கி 240 மாதங்கள் சொல்லிக்கொண்டேயிருக்கும்.

நம் மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் செட்டிநாட்டில் எழுந்த மாளிகைகளை எண்ணிப் பாருங்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, தெருவுக்குத் தெரு நீளும் வளவுகள். அவற்றைக் கட்டியவர்கள் வீண்செலவாளர் அல்லர். காசின் அருமை அறிந்த நகரத்தார். இரண்டாம் உலகப் போரும் 1942-இல் பர்மாவில் நேர்ந்த ஜப்பானிய ஆக்கிரமிப்பும் பின்வந்த அரசியல் மாற்றங்களும் அவர்களது அயல்நாட்டுச் செல்வத்தைச் சிதைத்தன. வரவு நின்றது; மாளிகையின் செலவு நிற்கவில்லை. இன்று பல வளவுகள் பூட்டிக் கிடக்கின்றன. பலவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றுவிட்டன. கடனின்றிக் கட்டியவர்களுக்கே இந்நிலை என்றால், கடன்பட்டுக் கட்டும் நமக்கு?

சிறுமையல்ல, எளிமை

எளிய வீடு என்றதும் ஒழுகும் கூரையையும் இருண்ட அறையையும் நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது தவறென்று காட்டியவர் நம் அண்டை மாநிலத்திலேயே வாழ்ந்தார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-இல் பிறந்த லாரி பேக்கர், குவேக்கர் சபையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். தொழுநோயாளருக்குப் பணியாற்ற 1945-இல் இந்தியா வந்தவர், காந்தியடிகளைச் சந்தித்தவர். ஒரு வீட்டிற்கு வேண்டிய பொருள்கள் அதன் ஐந்து மைல் சுற்றளவிற்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து அவருடைய தொழிலையே மாற்றியது. பின்னர் திருவனந்தபுரத்தில் நிலைத்து, ஏழை மீனவர் முதல் பேராசிரியர் வரை எல்லாருக்கும் கட்டினார்.

அவருடைய முறைகளில் மந்திரம் ஏதுமில்லை. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். இடையிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு; அங்கே மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்பினால் சிமெண்டும் கம்பியும் குறையும். சன்னலுக்குப் பதில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கினால் காற்றும் ஒளியும் தடையின்றி வரும். நன்றாகக் கட்டிய சுவருக்குப் பூச்சும் வண்ணமும் தேவையில்லை. பாடப்பொருள் இவ்வளவே. திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையம் முழுவதும் இம்முறைகளால் எழுந்தது. அந்நகரிலுள்ள சேசு சபையினரின் லயோலாச் சிற்றாலயமும் அவர் கைவண்ணமே. அறிஞர் அமரும் இடமும் ஆண்டவரைத் தொழும் இடமும் செங்கல்லின் நிறத்திலேயே நிற்பது இழிவில்லையென்றால், நம் வீடு அவ்வாறு நிற்பது எப்படி இழிவாகும்? பேக்கருக்கு 1990-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2007-இல் அவர் மறைந்தார்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சிறு வீட்டின் பெருமையை ஏழைகளுக்குப் போதிக்க நாம் இதை எழுதவில்லை. ஒரே அறையில் மூன்று தலைமுறையினர் நெருக்குண்டு, கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் மக்களிடம் எளிமையைப் பற்றிப் பேசுவது அநீதி. நல்ல இல்லம் மனித மாண்போடும் குடும்பத்தின் வளர்ச்சியோடும் பிணைந்தது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் வலியுறுத்தினார். தமிழக அரசு 2024-இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லத் திட்டத்தின் வீடு 360 சதுர அடி. அந்த 360 சதுர அடிக்காகக் குடிசையில் காத்திருப்போர் ஒருபுறம். அதைவிடப் பெரிய போர்டிகோவில் மகிழுந்தை நிறுத்துவோர் மறுபுறம். இருசாராரும் ஒரே திருப்பலியில் ஒரே வரிசையில் முழந்தாளிடுகின்றனர். நாம் பேசுவது இரண்டாமவரிடம். தெரிவு செய்யும் வசதியுடையவரிடம்.

நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்

"மருத்துவரே, முதலில் உம்மைக் குணப்படுத்தும்" என்று வாசகர் முணுமுணுப்பது நம் செவியில் விழுகிறது. நாம் வாழும் பங்கு இல்லத்தில் எட்டு அறைகள். நிலையாக வசிப்பவர் ஒருவரே. பக்கத்துப் பங்கின் கோபுரத்தைவிட நம் கோபுரம் உயர வேண்டும் என்று நன்கொடைப் பட்டியலோடு வீடு வீடாகச் சென்ற காலமும் நமக்கு உண்டு. மேய்ப்பனே போட்டிக்குக் கட்டினால் மந்தை வேறென்ன கற்கும்? இந்தக் குற்றத்தில் நமக்குப் பங்கு உண்டென ஒப்புக்கொண்டே எழுதுகிறோம். அந்த எட்டு அறைகளுள் நான்கை இவ்வாண்டு முதல் பிள்ளைகளின் மாலைநேரப் படிப்பிற்கு ஒதுக்கியுள்ளோம். அது போதாது, ஆயினும் அது ஒரு தொடக்கம்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டாமா என்று ஆண்டவர் கேட்டதை லூக்கா எழுதிவைத்திருக்கிறார். சீடராவதன் விலையை உணர்த்தவே அவர் அவ்வாறு கேட்டார் என்பதை அறிவோம். ஆனால் உவமைக்கு அவர் எடுத்துக்கொண்டது, கணக்கின்றிக் கட்டத் தொடங்கி ஊராரின் நகைப்புக்கு ஆளான ஒரு மனிதனை. அம்மனிதன் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறான். அன்று அவனால் கட்டி முடிக்க இயலவில்லை; இன்று கடன் அவனுக்குக் கட்டி முடித்துத் தருகிறது. அதனால் ஊர் நகைப்பதில்லை. அவன் மட்டும் இரவில் விழித்திருக்கிறான்.

எனவே நம் பங்கில் ஒரு வழக்கத்தைத் தொடங்க எண்ணியுள்ளோம். வானம் தோண்டுமுன் கணவனும் மனைவியும், வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களும், ஒரு மாலை ஒன்றாக அமரட்டும். வருமானம், கடன், தவணை, தவணை முடியும்போது ஒவ்வொருவரின் வயது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதட்டும். எந்த அறையில் யார் உறங்குவார் என்று பெயரெழுதட்டும். பெயர் எழுத இயலாத அறையை வரைபடத்திலிருந்து அடித்துவிடட்டும். அன்பியக் கூட்டங்களில் நம் கொத்தனார்கள் தாம் அறிந்த சிக்கன முறைகளை எடுத்துரைக்கட்டும். மந்திரிப்பு நாளின் விருந்தைத் தேநீரோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

நாமும் ஒன்றை மாற்றிக்கொள்கிறோம். இனி எந்தப் புதுமனையிலும் வீட்டின் அழகைப் புகழ்ந்து மறையுரை ஆற்றமாட்டோம். அந்தக் கொத்தனாரின் வீட்டில் ஐந்து நிமிடங்களில் மந்திரிப்பு முடிந்ததல்லவா? அதன்பின் நாம் உடனே புறப்படவில்லை. கூடத்தில் பாய் விரித்து அமர்ந்தோம். அவர் மனைவி கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். பிள்ளைகள் இருவரும் அருகிலேயே உட்கார்ந்து படித்தார்கள். தந்தை வீட்டில் இருந்தார். அன்று நாம் கண்ட ஏழு இல்லங்களுள், வீட்டைக் கட்டியவரே கவலையின்றி அமர்ந்திருந்தது அந்த ஒன்றில்தான்.