அமெரிக்கப் பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியாதாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு காணொளி சுற்றுகிறது. அமெரிக்கக் கடையில் வேலை செய்யும் பையனுக்கு 7 பெருக்கல் 8 தெரியவில்லை, கால்குலேட்டரைத் தேடுகிறான். கீழே நம்மவர்களின் கைதட்டல்: "கணக்குன்னா நாமதான்!"

இந்தப் பெருமையை ஒரு முறை உலகத்தோடு வைத்து அளந்து பார்த்தார்கள். அதில் நம் தமிழ்நாடும் கலந்துகொண்டது. இது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் தேர்வு பிசா. 2009 சுற்றின் நீட்சியாக 2010இல் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் அதை எழுதின. இரண்டுமே கல்வியில் நல்ல பெயர் எடுத்த மாநிலங்கள். 2011 டிசம்பரில் முடிவு வந்தது. கணக்கில் ஷாங்காய் 600, சிங்கப்பூர் 562, ஓ.இ.சி.டி. சராசரி 496, தமிழ்நாடு 351. மொத்தம் 74 இடங்களில் நமக்கு 72. நமக்குக் கீழே இமாச்சலமும் கிர்கிஸ்தானும் மட்டும். நாம் கேலி செய்யும் அமெரிக்கா 487.

அடுத்து என்ன செய்தோம்? ஏன் இப்படி என்று கேட்டோமா? இல்லை. "கேள்விகள் நம் பண்பாட்டுக்குப் பொருந்தவில்லை" என்று சொல்லி விலகிக்கொண்டோம். 2012, 2015, 2018, 2022 என்று அடுத்த நான்கு சுற்றிலும் இந்தியா இல்லை. காய்ச்சல் அடிக்கிறது என்று காட்டிய தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டோம்.

பண்பாட்டுக்குப் பொருந்தாத கேள்வி எப்படி இருக்கும் என்று பாருங்கள். பிசா வெளியிட்ட மாதிரிக் கேள்விகளில் ஒன்று பீட்சா பற்றியது. நான் அதை ஊத்தப்பமாக மாற்றித் தருகிறேன். ஒரே கனமுள்ள இரண்டு ஊத்தப்பம். 30 செ.மீ. விட்டமுள்ளது 30 ரூபாய், 40 செ.மீ. விட்டமுள்ளது 40 ரூபாய். எதை வாங்கினால் லாபம்? ஏன்?

விலை 3:4. பரப்போ 9:16. ஆகவே பெரியதுதான் லாபம். இதற்கு வேண்டியது பை ஆர் ஸ்கொயர் மட்டும். அது நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஆனால் "வட்டத்தின் பரப்பு காண்க" என்று கேட்டால்தான் வரும். எந்தச் சூத்திரம் என்று அவனே முடிவு செய்ய வேண்டுமென்றால் கை நின்றுவிடும். இதில் பண்பாடு எங்கே வந்தது?

"ஒலிம்பியாடில் ஜெயிக்கிறோமே?" என்பார்கள். உண்மை. 2024 சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. பெருமைதான். ஆனால் அந்த அணியில் இருப்பவர்கள் ஆறு பேர். நாம் நம் ஆறு பேரை அவர்களுடைய கடைக்காரப் பையனோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்படுகிறோம். பெருங்களத்தூர் அரசுப் பள்ளியில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளையை ஹனோயின் கடைசி பெஞ்சுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டும். அதற்குத்தான் பயப்படுகிறோம்.

"ஏழை நாடு சார், என்ன செய்வது?" இதற்கும் பதில் உண்டு. வியட்நாம் பணக்கார நாடு அல்ல. 2012இல் முதன்முறை பிசா எழுதி, கணக்கில் 511 வாங்கியது. அந்த ஆண்டு அமெரிக்கா 481. அங்கே 15 வயதில் பள்ளிக்கு வெளியே நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள், அதனால் சராசரி கூடித் தெரிகிறது என்ற விமர்சனம் நியாயமானது. ஷாங்காய் ஒரு நகரம்தான், முழுச் சீனா அல்ல என்பதும் நியாயமே. இவற்றையெல்லாம் கழித்தாலும் 351க்கும் 511க்கும் நடுவில் உள்ள 160 மறைந்துவிடாது.

இங்கே நாம் கண்டுபிடித்த தீர்வு டியூஷன் பலகை. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே எந்தத் தெருவில் திரும்பினாலும் அபாகஸ், வேத கணிதம், இப்போது புதிதாக "சிங்கப்பூர் மேத்ஸ்". சிங்கப்பூரில் அது மாயமந்திரம் அல்ல. முதலில் பொருளைக் கையில் கொடுப்பார்கள், பிறகு பட்டைப் படம் வரைய வைப்பார்கள், அதற்குப் பிறகுதான் எண்ணும் குறியீடும். 1980களிலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் பொறுமையாகச் செய்தது. ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் பயிற்சி பெறும் உரிமையும் அங்கே உண்டு. ஜப்பானில் ஓர் ஆசிரியர் பாடம் நடத்த, சக ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து பார்த்து, பிறகு கூடி அலசுவது நெடுநாள் வழக்கம். நம் வகுப்பறைக்குள் இன்னொருவர் வந்தால் அது இன்ஸ்பெக்‌ஷன். குறை கண்டுபிடிக்க மட்டும்தான் வருவார்.

அவர்கள் பள்ளிக்குள் இலவசமாகக் கொடுப்பதை நாம் பள்ளிக்கு வெளியே மாதச் சம்பளத்தில் கால்வாசி கொடுத்து வாங்குகிறோம். கொடுக்க முடியாதவர் வீட்டுப் பிள்ளைக்கு? "உனக்குக் கணக்கு வராது" என்ற முத்திரைதான் மிச்சம்.

வழி தெரியாமலும் இல்லை. தேசியக் கலைத்திட்டம் 2005க்காக, தரமணி கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு, பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே நோக்கம் என்று எழுதிக் கொடுத்தது. கணக்குப் பயத்தையும் தேர்வு முறையையும் அது அன்றே சுட்டிக்காட்டியது. தாம்பரத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் எழுந்த யோசனை இருபது ஆண்டுகளாக நம் வகுப்பறையை முழுதாக எட்டவில்லை.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, தமிழ்நாடு மீண்டும் இந்தத் தேர்வை எழுதட்டும், முடிவைத் தமிழில் வெளியிடட்டும். இரண்டு, பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் 20 மதிப்பெண்ணாவது எந்தப் புத்தகத்திலும் கைடிலும் இல்லாத கேள்வியாக இருக்கட்டும். தேர்ச்சி விகிதம் இரண்டு ஆண்டு குறைந்தால் குறையட்டும், வானம் இடிந்து விழாது. மூன்று, கணக்கு ஆசிரியர் வாரம் ஒரு பாடவேளை சக ஆசிரியர் வகுப்பில் உட்காரட்டும். அதற்கு நேரம் வேண்டுமானால் பதிவேடுகளைக் குறையுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. இன்று இரவு பிள்ளையிடம் "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். அந்த ஊத்தப்பக் கேள்வியைக் கேளுங்கள். பதில் தப்பானால் திட்ட வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து வரைந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். திட்டுவதானால் காரணம் சொல்லித் திட்டுங்கள். கணக்கு வாத்தியாருக்கு ஸ்டெப் முக்கியம்.