சூடானால் முன்னே நகராத ஜேசிபி: பிளேட்டை மாற்றும் முன் பிரஷரைப் பாருங்கள்

கேள்வி: பழைய ஜேசிபி ஒன்றைக் கடன் போட்டு வாங்கி, ஏரி வண்டல் அள்ளவும் பண்ணைக்குட்டை வெட்டவும் வாடகைக்கு ஓட்டுகிறேன். முன்பக்கம் போகும் கிளட்ச் எரிந்துபோனதால் ஐந்து மாதத்துக்கு முன் கியர் பாக்ஸைப் பிரித்து, பிளேட் எல்லாம் புதிதாகப் போட்டுக் கட்டினோம். எண்பதாயிரம் ரூபாய் செலவு. இப்போது காலையில் நன்றாக ஓடுகிறது. ஒரு மணி நேரம் வேலை செய்தபின் பக்கெட்டை மண்ணில் குத்தினால் என்ஜின் மட்டும் இரைகிறது, வண்டி நகர மறுக்கிறது. ரிவர்ஸில் நன்றாக வருகிறது. மறுபடியும் பிரித்து பிளேட் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். இரண்டு தவணை பாக்கி நிற்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: கியர் பாக்ஸை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். அதேபோல நாளைய வேலைக்கும் வண்டியை அனுப்ப வேண்டாம். கிளட்ச் வழுக்கிக்கொண்டே ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் புது பிளேட்டைத் தின்கிறது. நான்கு நாள் வாடகை போனாலும் பரவாயில்லை.

எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் ஊரில் நாம் ஜேசிபி என்றுதான் சொல்கிறோம். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கியர் பாக்ஸ், டிராக்டர் கியர் பாக்ஸ் மாதிரி கிடையாது. சாதாரண டிராக்டரில் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது ஸ்பிரிங். இங்கே அந்த வேலையை ஆயில் செய்கிறது. என்ஜினுக்குப் பின்னால் டார்க் கன்வர்ட்டர், அதற்குப் பின்னால் ஒரு சின்ன பம்ப். அந்த பம்ப் சம்ப்பிலிருந்து ஆயிலை இழுத்து, ரெகுலேட்டர் வால்வு வழியாக, நீங்கள் லீவரை முன்னே தள்ளினால் பார்வர்டு கிளட்ச்சுக்கும், பின்னே இழுத்தால் ரிவர்ஸ் கிளட்ச்சுக்கும் அனுப்புகிறது. ஆயில் உள்ளே போய் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பிளேட்டுகளை நெருக்கும். அந்த நெருக்கம் குறைந்தால் பிளேட் வழுக்கும், சூடேறும், கருகும்.

ஆகவே கருகிய பிளேட் நோயின் அடையாளம்தான். நோய் வேறு இடத்தில் இருக்கலாம். சொட்டு நீர் போட்டவர்களுக்கு இது உடனே புரியும். கடைசி வரிசைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் லேட்டரல் குழாயைப் பிடுங்கிப் புதிதாகப் போட மாட்டோம். பில்டரைப் பார்ப்போம், சப்-மெயினில் எங்கே கசிகிறது என்று பார்ப்போம், மோட்டார் இழுக்கிறதா என்று பார்ப்போம். முதல் தடவை பார்வர்டு கிளட்ச் ஏன் எரிந்தது என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்தில் விடை இல்லை. அதைக் கேட்காமல் பிளேட்டை மட்டும் மாற்றியிருந்தால், மூன்றாவது செட்டும் இதே வழியில்தான் போகும்.

ஸ்பேனரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஆயில் அளவை உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் முறையிலேயே பாருங்கள். சில வண்டியில் என்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும், சிலவற்றில் நிறுத்திவிட்டு. இது மாறினால் அளவே தவறாகத் தெரியும். டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். கருகிய வாசம் அடித்து, நிறமும் கறுத்திருந்தால் பிளேட் அடிபட ஆரம்பித்துவிட்டது. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கூலர் உள்ளே ஓட்டையாகியிருக்கலாம், அல்லது ஏரித் தண்ணீரில் இறங்கியபோது பிரீதர் வழியாகப் போயிருக்கலாம். பிரிக்‌ஷன் பிளேட்டின் மேல் ஒட்டியிருப்பது ஒரு வகைக் காகிதம் போன்ற பொருள். தண்ணீர் பட்டால் அது ஊறி உரிந்து வந்துவிடும். நுரைத்திருந்தால் பம்ப் காற்றை இழுக்கிறது: ஆயில் குறைவு, இல்லையென்றால் உறிஞ்சும் பக்கம் ஓ-ரிங் சரியில்லை.

எந்த ஆயில் ஊற்றினார்கள் என்றும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். கியர் பாக்ஸ்தானே என்று 90 நம்பர் ஆயிலை ஊற்றிவிடுகிற பட்டறைகள் இருக்கின்றன. அது இந்தக் கிளட்ச்சுக்கு விஷம். கையேட்டில் சொன்ன தரத்து டிரான்ஸ்மிஷன் ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

ஒயரிங்கையும் ஒரு பார்வை பாருங்கள். லீவரைத் தள்ளும்போது ஆயிலைத் திருப்பிவிடுவது மின்சாரத்தில் இயங்கும் சொலினாய்டு வால்வு. லோடர் லீவரில் இருக்கும் டம்ப் பட்டன் ஒயர் உரசினாலும், எர்த் சரியில்லாமல் வோல்டேஜ் குறைந்தாலும் வண்டி நியூட்ரலுக்குப் போய்விடும். பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சுவிட்ச்சும் இதே வேலையைச் செய்யும். ஆனால் ஒயரிங் கோளாறில் வண்டி சட்டென்று விட்டுவிட்டுப் பிடிக்கும். உங்கள் வண்டி சூடாகச் சூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்குகிறது என்றால் சந்தேகம் ஆயில் பக்கம்தான் அதிகம்.

அடுத்து கேஜ். இதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன். கியர் பாக்ஸில் பிரஷர் பார்ப்பதற்கென்றே ஒரு பிளக் இருக்கும். அதைக் கழற்றி கேஜ் மாட்ட வேண்டும். பக்கெட், பூம் இயக்கும் ஹைட்ராலிக்கில் 200 பாருக்கு மேல் ஓடும். பட்டறையில் இருக்கும் கேஜ் பெரும்பாலும் அதற்கானது. கியர் பாக்ஸ் பக்கம் பல வண்டிகளில் 10 முதல் 20 பார் வரைதான். 400 பார் கேஜில் அது முள் அசைவதுபோல் மட்டுமே தெரியும். 25 அல்லது 40 பார் வரை காட்டும் கேஜ் வேண்டும். சரியான எண் உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அதில் பி.எஸ்.ஐ. கணக்கில் போட்டிருந்தால் 14.5-ஆல் வகுத்தால் பார் கிடைக்கும்.

காலையில் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, வேலை செய்து நன்றாகச் சூடான பின் ஒரு தடவை, இரண்டு முறையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் நியூட்ரல், பார்வர்டு, ரிவர்ஸ் மூன்றிலும், புத்தகம் சொல்லும் ஆர்.பி.எம்-மில் பாருங்கள். வண்டியின் முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது. பக்கெட்டைத் தரையில் ஊன்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரேக்கை மிதித்தபடி செய்யுங்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் சின்னச் சின்னக் கசிவை மறைத்துவிடும். காலையில் மட்டும் பார்த்துவிட்டு 'பிரஷர் ஓகே' என்று சொல்வது இதனால்தான் நடக்கிறது.

சூடான பின் மூன்றிலும் பிரஷர் குறைவு என்றால் கோளாறு பொதுவான இடத்தில்: அடைபட்ட ஸ்ட்ரெய்னர், தேய்ந்த பம்ப், திறந்தபடி சிக்கிக்கொண்ட ரெகுலேட்டர் வால்வு. இதில் ஸ்ட்ரெய்னரையும் வால்வையும் பல வண்டிகளில் கியர் பாக்ஸை இறக்காமலே பார்த்துவிடலாம். நியூட்ரலிலும் ரிவர்ஸிலும் நன்றாக நின்று, பார்வர்டு போட்டதும் மட்டும் முள் இறங்கினால், பார்வர்டு கிளட்ச்சுக்குப் போகும் வழியில் ஆயில் கசிகிறது. ஷாஃப்ட்டில் இருக்கும் சீல் ரிங், அது உட்காரும் பள்ளம், பிஸ்டனின் சீல் ஆகிய மூன்றில் ஒன்று. அப்போதுதான் பிரிக்க வேண்டும். மூன்றிலும் பிரஷர் சரியாக இருந்தும் வழுக்கினால் பிளேட் பக்கம் வாருங்கள்: எண்ணிக்கை குறைவாகப் போட்டார்களா, தரமற்ற பிளேட்டா, ஆயில் தவறா.

'ரிவர்ஸ் நன்றாக வருகிறது' என்பதை முழுதாக நம்பிவிடாதீர்கள். வண்டி முன்னே போகும்போது மண்ணைக் குத்தி இழுக்கிறது. பின்னே வரும்போது சும்மா உருண்டு வருகிறது. பொதுவான பிரஷர் குறைந்தாலும் முதலில் பார்வர்டில்தான் தெரியும். பக்கெட் நிறைய மண்ணோடு ஒரு மேட்டில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். அங்கேயும் திணறினால் கதை வேறு.

ஸ்டால் டெஸ்ட் என்று ஒன்று சொல்வார்கள். மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து, ஆக்சிலரேட்டரை அழுத்தி என்ஜின் எத்தனை ஆர்.பி.எம். போகிறது என்று பார்ப்பது. குறித்த அளவைத் தாண்டினால் கிளட்ச் வழுக்குகிறது. குறைந்தால் என்ஜின் பலவீனம், அல்லது கன்வர்ட்டருக்குள் கோளாறு. சில விநாடிக்கு மேல் அழுத்தக் கூடாது, ஆயில் கொதித்துவிடும். தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கேஜ் கையில் இருந்தால் பாதிப் பேருக்கு இது தேவையும் இல்லை.

பிரிக்கத்தான் வேண்டும் என்று கேஜ் சொல்லிவிட்டால், கூடவே நில்லுங்கள். மறுபடி கட்டிய பெட்டி சீக்கிரம் கெடுவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். பழைய சீல் ரிங்கையே திரும்பப் போடுவது. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது சீல் உதடு மடங்கி வெட்டுப்படுவது. புது பிரிக்‌ஷன் பிளேட்டை ஆயிலில் ஊறவைக்காமல் காய்ந்தபடி மாட்டுவது. கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசுவது. அது உள்ளே பிதுங்கி, துண்டாகி, ஆயில் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது கூலரையும் ஹோஸையும் கழுவாமல் விடுவது. முதலில் எரிந்த பிளேட்டின் தூள் அங்கேயும் கன்வர்ட்டருக்குள்ளும் தங்கியிருக்கும். புது ஆயில் ஊற்றியதும் அத்தனையும் ஸ்ட்ரெய்னருக்கு வந்து சேரும். உங்கள் வண்டி கட்டியபோது கூலரைக் கழற்றினார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

பெட்டியை மூடும் முன் ஒரு சோதனை கேட்டுச் செய்ய வைக்க வேண்டும். கிளட்ச்சின் ஆயில் துவாரத்தில் அளவான கம்ப்ரஸர் காற்றை விட்டால் பிஸ்டன் 'டக்' என்று ஏறி உட்கார வேண்டும். 'உஸ்' என்று காற்று போய்க்கொண்டே இருந்தால் சீல் சரியில்லை, மூடக் கூடாது. இரண்டு நிமிட வேலை. பிளேட்டுகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியையும் ஃபீலர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கட்டி முடித்து ஓட்டியதும் சூட்டில் பிரஷர் பார்த்து, அந்த எண்ணை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஐந்து மாதம் கழித்துப் பேச்சு வந்தால் ஒப்பிட ஏதாவது கையில் இருக்கும். மெக்கானிக் தம்பிகள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். நல்ல வேலைக்காரர் தானாகவே எழுதித் தருவார்.

தவணை விஷயம்: இரண்டு பாக்கி என்பதால் கடன் கொடுத்த இடத்துக்கு நீங்களே முந்திக்கொண்டு போய், வண்டி பட்டறையில் நிற்கிறது என்று எழுத்தில் கொடுத்து அவகாசம் கேளுங்கள். அவர்கள் தேடி வரும்வரை காத்திருந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

கேள்வி: கிளட்ச் பெடலை மிதிக்காமலே லீவரைத் தள்ளினால் பி.டி.ஓ. ஓடும் டிராக்டர் வைத்திருக்கிறோம். ரொட்டவேட்டர் போட்டு அரை ஏக்கர் ஓட்டியதும் கத்தி நின்றுவிடுகிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டதா?
- வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், இது ஆயிலில் நனைந்தபடி ஓடும் கிளட்ச்சாக இருக்கலாம், டீலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியானால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். ஹைட்ராலிக் பில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஆயில் அளவு, ஆயில் வகை, பில்டர் மூன்றையும் பார்த்துவிட்டு, பி.டி.ஓ. பிரஷரைச் சூட்டில் அளக்கச் சொல்லுங்கள். ரொட்டவேட்டர் ஷாஃப்ட்டில் ஸ்லிப் கிளட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். சில நேரம் வழுக்குவது அதுவாகவே இருக்கும், டிராக்டர் பாவம். எஞ்சிய வயலை ஓட்டும்போது ரொட்டவேட்டரை மண்ணில் இறக்கிவிட்டு பி.டி.ஓ. போடாதீர்கள். தூக்கி வைத்து, என்ஜின் வேகத்தைக் குறைத்து, பி.டி.ஓ. போட்டபின் மெதுவாக இறக்குங்கள். இரண்டு பெடல் அழுத்தம் உள்ள பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதைத் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது உலர் கிளட்ச். அங்கே ஆயில் பட்டாலே பிளேட் வழுக்கும்.