சீதனம்: பெண்ணின் உடைமையா, ஆணின் விலையா?

யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றிலே பெண் மகவு பிறந்த அன்றே அவளைப் பற்றிய கணக்கும் பிறந்துவிடுகின்றது. காணி எத்தனை பரப்பு, நகை எத்தனை பவுண், வீடு எந்த மகளுக்கு என்னும் கேள்விகள், குழந்தை தவழத் தொடங்குமுன்னரே பெற்றோரின் நித்திரையைக் கெடுக்கின்றன. தகப்பன் கடன்படுகின்றான், தாய் சீட்டுக் கட்டுகின்றாள், தமையன் தன் திருமணத்தைத் தள்ளிவைக்கின்றான். இத்தனைக்கும் காரணமென்று சுட்டப்படுபவளோ இவற்றுள் எதனையும் கேட்டவளல்லள். எனினும் குடும்பத்தின் சுமை என்னும் பெயர் அவளுக்கே சூட்டப்படுகின்றது.

இவ்வழக்கத்தைக் கண்டிப்போருக்கு எதிராக எப்போதும் முன்வைக்கப்படும் விடையொன்று உண்டு. சீதனம் மணமகனுக்குக் கொடுக்கும் கூலியன்று. தாய்வழியாகப் பெண்ணுக்குச் சேரவேண்டிய பங்கு. பிற சமூகங்களிலே பெண் வெறுங்கையுடன் புகுந்த வீடு செல்ல, தமிழ்ப் பெண் தனக்கென ஆதனம் உடையவளாகச் செல்கின்றாள் என்பதே அவ்விடை. இதனை ஒரேயடியாகத் தள்ளிவிடுதல் பொருந்தாது. இதில் வரலாற்று உண்மை உண்டு. ஆயின், அந்த உண்மையே இன்றைய வழக்கத்துக்கு எதிரான வலிய சாட்சியமாகவும் அமைகின்றது என்பதை விடைகூறுவோர் உணர்வதில்லை.

1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தளித்தார். பன்னிரு முதலியார்கள் அதனை ஆராய்ந்து உடன்பட்டனர், பன்னிருவரும் ஆடவர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் அதற்கு ஆங்கிலேயர் ஆட்சியிலும் சட்டவலு அளித்தது. அத்தொகுப்பின்படி ஆதனம் மூவகைத்து: கணவன் கொண்டுவரும் முதுசம், மனைவி கொண்டுவரும் சீதனம், மணவாழ்விலே இருவரும் ஈட்டும் தேடிய தேட்டம். பண்டை முறையிலே முதுசம் ஆண்மக்களையும், தாயின் சீதனம் பெண்மக்களையும் சென்றடைந்தது. போர்த்துக்கேயர் காலத்திலே இவ்வரம்பு தளர்ந்து, எவ்வகை ஆதனத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் புகுந்தது என்று அத்தொகுப்பே கூறுகின்றது. மாறாத மரபு என்று போற்றப்படுவது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே மாறிவிட்ட மரபு என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. இன்னும் பின்னோக்கிச் செல்லின், பெண்ணைப் பெறுவோன் பரிசம் தந்து மணந்த வழக்கையே சங்கநூல்கள் காட்டுகின்றன. பழைமையை ஆதாரமாகக் காட்ட விழைவோர் எந்தப் பழைமையைக் காட்டப்போகின்றனர்?

சீதனம் பெண்ணின் உடைமை என்போர் அடுத்து எதிர்கொள்ளவேண்டியது சட்டத்தை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மனைவியின் ஆதனம் அவளுடைய தனி ஆதனமே என்று கூறியது. கூறிய அதே பிரிவிலே, அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. மரணசாசனம் எழுதுவதற்கு மட்டும் சம்மதம் வேண்டியதில்லை. அதாவது, தன் காணியின்மீது அவளுக்குள்ள முழுவுரிமை அவள் இறந்த பின்னரே செயற்படும்! மறுபுறத்தில், இருவரும் சேர்ந்து ஈட்டிய தேடிய தேட்டத்தை நிருவகிப்பவன் என்ற முறையிலே கணவன் மனைவியின் சம்மதமின்றியே விற்கலாம், ஈடு வைக்கலாம் என்று நீதிமன்றங்கள் கொண்டன. 1923ஆம் ஆண்டில் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் நாட்டின் ஏனைய பெண்கள் பலருக்கு இத்தளையை நீக்கியபோது, தேசவழமைக்குட்பட்ட தமிழ்ப் பெண் அதன் பயனிலிருந்து விலக்கப்பட்டாள். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 12ஆம் உறுப்புரையிலே பால் அடிப்படையிலான பாரபட்சம் கூடாதென்றது. 16ஆம் உறுப்புரையிலே, முன்னிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்றது. ஒரு கை கொடுத்ததை மறுகை பறித்தது. இவ்வாறு சம்மத விதி நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. விற்க முடியாத காணியை உடைமை என்பதிலும் காவல் என்பதே பொருந்தும்.

சட்டம் ஒருபுறமிருக்க, பொருளாதாரம் சீதனத்தின் தன்மையையே மாற்றியது. ஆங்கிலக் கல்வி கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் கொழும்பிலும் மலாயாவிலும் எழுதுவினைஞராகவும் புகையிரத உத்தியோகத்தராகவும் சம்பளம் பெறத் தொடங்கியபோது, மணமகன் என்பவன் பென்சனுடன் கூடிய முதலீடாக மாறினான். நிலவுடைமைச் சமுதாயத்தின் சீதனக் காணியோடு, காசு என்னும் புதிய உறுப்பும் சேர்ந்தது. இனாம் என்றும், நன்கொடை என்றும், இன்று டொனேசன் என்றும் நாகரிகமாக அழைக்கப்படும் இக்காசு பெண்ணின் பெயரில் எழுதப்படுவதில்லை. பெண்ணின் கையைத் தொடுவதுமில்லை. அது மணமகனின் பெற்றோரிடம் செல்கின்றது. அங்கிருந்து பெரும்பாலும் அவன் சகோதரியை மணப்பவனின் வீட்டுக்குச் செல்கின்றது. ஒரு பெண்ணுக்கு ஏற்றப்பட்ட சுமையை இறக்குவதற்கு இன்னொரு பெண்ணின் வீட்டிலே சுமை ஏற்றப்படுகின்றது. தாய்வழிப் பங்கு என்னும் வாதம் இவ்விடத்திலே முற்றாகத் தகர்ந்துவிடுகின்றது. மட்டக்களப்புப் பகுதியிலே வீடு பெண்ணுக்கே சேரும் தாய்வழி மரபு இன்றும் வலிமையுடையது. ஆயினும் ஒவ்வொரு மகளுக்கும் ஒவ்வொரு வீடு கட்டி முடிப்பதற்குள் ஏழைத் தகப்பனின் ஆயுள் முடிந்துவிடுவதை அம்மரபும் தடுக்கவில்லை.

கல்வி இதனை ஒழிக்கும் என்று ஒரு தலைமுறை நம்பியது. 1824இல் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை அமெரிக்க மிஷனரிமார் தொடங்கினர். படித்து முடித்த மாணவியர் மணமுடிக்கும்போது மிஷனே சீதனம் வழங்கியது. 1913இல் மருதனார்மடத்திலே பெண்களுக்குக் கல்லூரி அமைத்த சேர் பொன்னம்பலம் இராமநாதனே, டொனமூர் ஆணைக்குழுவின் முன்னே பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாமென்றார். இவ்விரு நிகழ்ச்சிகளும் தற்செயலானவையல்ல. பெண்கல்வி தொடக்கத்திலேயே நல்ல மனைவியை ஆக்கும் சாதனமாகக் கருதப்பட்டதன் அடையாளங்கள் அவை. 1931இல் வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. இன்று நாட்டின் பல்கலைக்கழக மாணவருள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால் பட்டதாரிப் பெண்ணுக்கு அவளிலும் கூடப் படித்த மாப்பிள்ளை வேண்டுமென்ற விதி மாறவில்லை. கூடப் படித்தவனின் விலையும் கூட. படித்ததற்காகவே ஒரு பெண் அதிகம் செலுத்தவேண்டிய விந்தை இச்சமுதாயத்துக்கே உரியது.

இவ்விடத்திலே பல்கலைக்கழகத்தின் பங்கு வெளிப்படையாகப் பேசப்படவேண்டியது. டாக்டர், எஞ்சினியர், கணக்காளர் என்ற தரவரிசையிலே மணமகனின் பெறுமதியை நிர்ணயிக்கும் முத்திரையைக் குத்துவது பல்கலைக்கழகமே. மணமகன் தேவை என்னும் விளம்பரத்திலே சாதி, செவ்வாய்க் குற்றம், நிறம் ஆகியவற்றோடு பட்டமும் ஓர் உருப்படியாக நிற்கின்றது. விவாத மேடையிலே சீதனத்தைச் சாடிப் பரிசு பெறும் மாணவன், நான்கு ஆண்டுகளின் பின்னர் பெற்றோரின் விருப்பம் என்று கூறி ஒதுங்கிக்கொள்கின்றான். உடையிலும் அரசியலிலும் பெற்றோர் சொற்கேளாத அவன், இந்த ஒரு விடயத்திலே மட்டும் தாய் சொல்லைத் தட்டாத தனயனாகிவிடுகின்றான். இலவசக் கல்வியின் செலவை நாட்டின் உழைப்பாளர் சுமந்தனர். அதன் இலாபத்தைப் பெண்ணைப் பெற்றவனிடம் வசூலிப்பது எந்த அறத்தின்பாற்பட்டது?

சட்டத்தால் ஒழிக்கலாமே என்பாரும் உளர். இந்தியாவிலே 1961ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கம் அதனால் ஒழியவில்லை. சட்டம் தேவையில்லை என்பது இதன் பொருளன்று. கொடுப்பதைத் தடுக்கும் சட்டத்திலும், பெண்ணின் கையிலுள்ளதை அவள் விரும்பியவாறு ஆள இடமளிக்கும் சட்டமே முதற்கண் வேண்டப்படுவது என்பதே இதன் பொருள். 2009இல் முடிவுற்ற போர் இதனை எவரும் மறுக்கவியலாதவாறு காட்டியது. கணவன் காணாமற்போன பெண், பிள்ளைகளின் பசிக்காகத் தன் சீதனக் காணியை விற்கச் சென்றபோது, கணவனின் சம்மதம் எங்கே என்று அச்சட்டம் கேட்டது. சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றின் கட்டளையைப் பெறலாமென்று 1911ஆம் ஆண்டின் சட்டம் வழிகாட்டியிருந்தது உண்மையே. ஆனால் வழக்குக்குப் பணமில்லாமையாலன்றோ அவள் காணியை விற்க வந்தாள்? மேலும், கணவன் இருக்குமிடம் தெரியவில்லை என்று அவளையே மன்றில் கூறவைப்பது, தேடிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் நெஞ்சிலே வேலைப் பாய்ச்சுவதாகாதா?

எனவே செய்யவேண்டியது யாதென்பதில் மயக்கத்துக்கு இடமில்லை. மகளுக்கும் மகனுக்கும் பெற்றோரின் ஆதனத்திலே சமபங்கு சேரட்டும். அது திருமணத்தின் நிபந்தனையாக அன்றிப் பிறப்பின் உரிமையாகச் சேரட்டும். மணமான பெண் தன் காணியைத் தானே ஆளட்டும். இனாமும் நன்கொடையும் எப்பெயர் பூண்டு வரினும் விலை விலையே என்று படித்த ஆடவர் மறுக்கட்டும். விலை கேட்பவனைப் படித்த பெண்கள் மறுக்கட்டும். சீதனம் வாங்கேன் என்று மேடையிலே முழங்குவது எளிது. பெற்றோரும் தரகரும் பேரம் பேசும் அறைக்குள் நுழைந்து அதனைக் கூறுவதே அரிது. பல்கலைக்கழகம் உண்மையில் எத்தகைய மனிதரை உருவாக்கியது என்பது அந்த அறையிலேதான் தெரியவரும்.