வலியிலும் ஆண் பெண் உண்டு

வீட்டு ஸ்திரீகள் "மருந்து சாப்பிட்டும் வலி நிற்கவில்லை" என்றால், "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். நாமும் அப்படிச் சொன்னதுண்டு. இனி அப்படிச் சொல்லுமுன் சற்று யோசிக்க வேண்டும்.

2015-ம் வருஷம் கானடா தேசத்து விஞ்ஞானிகள் சிலர் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார்கள். நரம்பில் காயம் பட்ட ஆண் சுண்டெலிகளின் முதுகுத் தண்டில், வலியை நீடிக்கச் செய்யும் சமிக்ஞையை எழுப்புபவை 'மைக்ரோக்ளியா' என்னும் உயிரணுக்கள். அவற்றை அடக்கியதும் ஆண் சுண்டெலிகளுக்கு வலி தணிந்தது. பெண் சுண்டெலிகளுக்கோ தணியவில்லை! அவற்றின் தேகத்தில் அந்த வேலையைச் செய்பவை நோயை எதிர்க்கும் 'டி' அணுக்களாக இருக்கலாம் என்று தெரிந்தது. வலி ஒன்றுதான், வந்த வழி வேறு.

இத்தனை நாள் இது புலப்படாததற்குக் காரணம் என்ன? வலி ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் ஆண் பிராணிகளையே உபயோகித்து வந்ததுதான். அமெரிக்கச் சர்க்காரின் தேசிய சுகாதார ஸ்தாபனம், இரு பாலாரையும் கவனிக்க வேண்டுமென்று 2016-ல்தான் விதி செய்தது.

எலிக்குக் கண்டதெல்லாம் மனிதருக்கும் அப்படியே பொருந்திவிடாது, வாஸ்தவம். ஆயினும், அண்ணனுக்கு அளவெடுத்த சட்டை தங்கைக்குச் சேராவிட்டால் தங்கையையா குற்றம் சொல்வது? மருந்து பலிக்காதபோது, நோயாளியின் மனத்தைச் சந்தேகிக்குமுன் மருந்தைச் சந்தேகிப்போம்.