மண்ணுக்குள்ளே ஒரு மரணப் பொறி



சென்ற இதழில் பாம்புக்கடிக்குச் செய்யவேண்டிய முதலுதவி பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "விடியுமுன் நிரைக்குப் போகிற எங்களுக்குப் பாம்பைவிடப் பெரிய பயம் வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். நெற்றியிலே விளக்கைக் கட்டிக்கொண்டு, கையிலே உளியும் வாளியுமாக, கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் என்னவென்று தெரியும்.

ஆனால் பாம்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. காலடி அதிர்வு பட்டால் அதுவாகவே விலகிப் போய்விடும். விலகவே விலகாத பாம்பு ஒன்று இருக்கிறது. சோறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் சுருண்டு கிடக்கும். மிதித்தவன் போர்வீரனா, விறகு பொறுக்க வந்த சிறுமியா என்று அது பார்ப்பதில்லை. அதன் பெயர்தான் கண்ணிவெடி.

ஐக்கிய நாடுகள் சபை ஏப்ரல் 4-ஆம் நாளைக் கண்ணிவெடி விழிப்புணர்வு நாளாக ஒதுக்கியிருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. ஆகவே இந்த முறை அதைப் பற்றியே பேசலாம். உலகம் முழுவதையும் சுற்ற வேண்டாம். தாய்லாந்தைத் தாண்டினால் வருகிற கம்போடியாவைப் பார்த்தாலே போதும்.

1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கொடிய ஆட்சியில் அந்த நாடு பட்ட பாட்டை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1979-இல் வியட்நாமியப் படை வந்து அந்த ஆட்சியை விரட்டியது. அத்துடன் சண்டை ஓயவில்லை. விரட்டப்பட்டவர்கள் தாய்லாந்து எல்லையோரம் தங்கிக்கொண்டு போரிட்டார்கள். அவர்கள் உள்ளே வராமல் தடுக்க 1980-களின் நடுவில் 'கே-5' என்ற பெயரில் எல்லை நெடுகக் கண்ணிவெடிகளைப் புதைத்தார்கள். அந்தப் பக்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. அவர்களும் புதைத்தார்கள். ஒருவர் புதைத்ததற்கும் சரியான கணக்கில்லை, வரைபடமும் இல்லை. 1998-இல் போர் முற்றிலும் ஓய்ந்தது. புதைத்தவன் ஊருக்குப் போய்விட்டான், புதைத்தது மட்டும் போகவில்லை.

1979 முதல் இன்றுவரை அந்த நாட்டில் கண்ணிவெடியாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். காயமடைந்தவர்களும் உறுப்பு இழந்தவர்களும் 45,000-க்கு மேல். 1996 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 4,000-க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள்.

இவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலோர் நம்மைப் போன்ற உழைப்பாளிகள். வயலுக்குப் போனவர்கள், மாடு மேய்த்தவர்கள், காட்டில் விறகும் மூங்கில் குருத்தும் தேடிப் போனவர்கள். சிவப்புப் பலகையில் மண்டை ஓட்டை வரைந்து "ஆபத்து" என்று எழுதி வைத்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டும் உள்ளே போவார்கள். "இவ்வளவு மடையர்களா?" என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். அடுப்பில் உலை வைக்க வேண்டுமே! நிலம் இல்லாதவனுக்குக் கிடைக்கிற நிலம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாட்டு வண்டி ஓடியவரை அமைதியாகக் கிடந்த பெரிய வெடிகள், டிராக்டர் வந்த பிறகு அதன் பாரம் தாங்காமல் வெடித்தன. நல்ல காலம் வந்து, கடனை வாங்கி டிராக்டர் எடுத்து, முதல் உழவு உழப்போன குடும்பத்துக்கு அப்படி நேர்ந்தால் அதை என்னவென்று சொல்வது!

ஆளைக் குறி வைக்கும் கண்ணிவெடி பெரும்பாலும் கொல்வதற்காகச் செய்யப்படுவதில்லை. காலை எடுப்பதற்காகவே செய்யப்படுகிறது. செத்தவனை அங்கேயே விட்டுவிட்டுப் படை முன்னேறிவிடும், காயம்பட்டவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பது அந்தக் கணக்கு. உட்கார்ந்து யோசித்து இப்படி ஒன்றைச் செய்த மனிதனும் படித்தவன்தான்! இதைச் செய்ய அமெரிக்கப் பணத்தில் மூன்று வெள்ளி போதுமாம். எடுக்க 300 முதல் 1,000 வெள்ளி வரை ஆகும் என்பது ஐக்கிய நாடுகள் சபை சொன்ன கணக்கு.

எடுப்பது எப்படி? பால்வெட்டு வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு மீட்டர் அகலத்துக்கு நிரை பிடிப்பார்கள். நிரையில் உள்ள புல்லைக் கத்தரியால் மெல்ல வெட்டி எடுப்பார்கள். பிறகு இரும்பைக் கண்டால் கத்தும் கருவியைத் தரையோடு ஒட்டிப் பிடிப்பார்கள். கத்தினால் மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து சரிவாக மண்ணைக் கிளறிப் பார்ப்பார்கள். மேலிருந்து குத்தினால் தொலைந்தது. பெரும்பாலும் அகப்படுவது ஆணியும் தோட்டா ஓடும் தகரத் துண்டும்தான். ஆனால் ஒவ்வொன்றையும் வெடியென்றே நினைத்துத் தோண்ட வேண்டும். வெயிலில் கனத்த கவசமும் முகமூடியும் மாட்டிக்கொண்டு நாள் முழுதும் வேலை செய்தாலும், ஒருவர் முடிக்கிற இடம் ஒரு லயத்து வீட்டு வாசல் அளவுதான் இருக்கும். இந்த வேலையில் பெண்களும் ஏராளம். இலங்கையின் வடக்கிலும் போரில் கணவனை இழந்த நம் தமிழ்ப் பெண்கள் பலர் இதே வேலைக்குப் போய்த்தான் பிள்ளைகளை வளர்க்கிறார்கள்.

இந்த வேலைக்கு ஓர் அதிசயத் துணை கிடைத்திருக்கிறது. சிரிக்காதீர்கள், பெருச்சாளி! செம்பனைத் தோட்டத்தில் எலியை ஒழிக்க ஆந்தை வளர்க்கிறவர்கள் நாம். அங்கே எலிக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு வகைப் பெரிய எலி உண்டு. அதன் கன்னத்தில் பை இருக்கும். 'அப்போபோ' என்ற நிறுவனம் தான்சானியாவில் அதைப் பழக்கி, வெடிமருந்தின் வாடையைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கிறது. வாடை தெரிந்தால் எலி தரையைப் பிறாண்டும். உடனே வாழைப்பழமோ கடலையோ கொடுப்பார்கள். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு என்பதால் அது மிதித்து வெடி வெடிப்பதில்லை. பழைய இரும்பையும் அது சட்டை செய்யாது. ஆகவே கருவி வைத்துக்கொண்டு மனிதன் நான்கு நாள் தேடுகிற இடத்தை அரை மணியில் முடித்துவிடுகிறது. மகாவா என்ற எலி கம்போடியாவில் ஐந்து ஆண்டுகள் வேலை செய்தது. 2020-இல் பிரிட்டனில் உள்ள ஒரு விலங்கு நல அமைப்பு அதற்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 2022-இல் அது வயதாகி இறந்தது. ரோனின் என்ற இன்னோர் எலி 2021 முதல் 2025 தொடக்கம் வரை 109 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்துச் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன், "அந்த எலிக்குச் சம்பளம் உண்டா, சார்?" என்று கேட்டான். வாழைப்பழம்தான் சம்பளம், அதுவும் கைமேல் கொடுத்துவிட வேண்டும் என்றேன்.

கால் போனவர்களின் கதைக்கு வருவோம். கால் போனால் நம்மைப் போன்ற குடும்பத்தில் எல்லாமே போய்விடும். இதைத் தோட்டத்து ஆள்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுச் செயற்கைக் கால்கள் விலை அதிகம். சப்பாத்து மாட்டித்தான் நடக்க வேண்டும். சம்மணம் போட முடியாது, குந்த முடியாது, சேற்றில் இறங்க முடியாது. இந்தியாவில் ஜெய்ப்பூர் நகரத்து மருத்துவர் பி.கே. சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து 1968-இல் ஒரு வழி கண்டார்கள். டயர் கடையில் ரப்பரை அச்சில் வைத்து வேகவைப்பதைப் பார்த்துத்தான் சர்மாவுக்கு அந்த யோசனை பிறந்தது என்பார்கள். ஆமாம், ரப்பர்! நம் தாத்தா பாட்டி வெட்டிய அதே பால்மரத்து ரப்பர்தான். அந்த 'ஜெய்ப்பூர் கால்' வளைந்து கொடுக்கும், வெறுங்காலோடு நடக்கலாம், வயலில் இறங்கலாம், மரமும் ஏறலாம். 1981-இல் தமிழ்நாட்டில் நேர்ந்த சாலை விபத்தில் காலை இழந்த நடனமணி சுதா சந்திரன் மறுபடியும் மேடையில் ஆடியது இந்தக் காலோடுதான். கம்போடியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் கண்ணிவெடியில் கால் இழந்த பலரை இது எழுந்து நடக்க வைத்தது. மருத்துவர் சேத்திக்கு 1981-இல் மக்சேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயர் அவ்வளவாக வெளியே வரவில்லை. கையால் வேலை செய்கிறவனுக்கு எங்கும் அதே நிலைமைதான் போலும்.

காலைக் கொடுத்தால் மட்டும் போதாது. வளரும் பிள்ளைக்கு எலும்பு வளர்ந்துகொண்டே போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுக் கால் வேண்டும். பெரியவர்களுக்கும் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். பத்து வயதில் கால் இழந்தவனுக்கு வாழ்நாளில் எத்தனை கால் வேண்டும் என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிப் பாருங்கள். செஞ்சிலுவைச் சங்கம் பத்தம்பாங் ஊரில் பல ஆண்டுகள் இந்தப் பணியைச் செய்தது.

துன் சன்னாரெத் என்பவரையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 'துன்' என்பது நம் நாட்டுப் பட்டமல்ல, அவருடைய குடும்பப் பெயர். இளம் போர்வீரராக இருந்த அவர் 1982-இல் தாய்லாந்து எல்லையோரம் கண்ணிவெடியை மிதித்தார். இரண்டு கால்களும் போயின. அகதி முகாமில் பல ஆண்டுகள் கிடந்தார். ஊர் திரும்பியதும் சியாம் ரியாப்பில் தம்மைப் போன்றவர்களுக்குச் சக்கர நாற்காலி செய்து கொடுக்கும் பணியில் சேர்ந்தார். கண்ணிவெடியைத் தடைசெய்யச் சொல்லி ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார். 1997-இல் அந்த இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸ் அம்மையாருக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது, இயக்கத்தின் சார்பில் ஓஸ்லோ மேடையில் அதைப் பெற்றுக்கொண்டவர் சக்கர நாற்காலியில் வந்த இவர்தான்.

அதே 1997 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. மலேசியாவும் கையெழுத்திட்டது. நம் இராணுவம் வைத்திருந்த 94,000-க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை 2001-இல் அழித்துவிட்டது. இது நம் நாடு மார்தட்டிக்கொள்ள வேண்டிய செய்தி. ஏனோ யாரும் பேசுவதில்லை. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா ஆகிய பெரிய நாடுகள் சேரவில்லை. ஆனாலும் பலன் தெரிந்தது. கம்போடியாவில் ஆயிரக்கணக்கில் இருந்த விபத்து அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கும் கீழே இறங்கியது.

இப்போது கவலை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ரஷ்யாவுக்கு அஞ்சி பின்லாந்து, போலந்து, எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய ஐந்து நாடுகள் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக 2025-இல் அறிவித்தன. பக்கத்து வீட்டான் முரடன் என்பதால் அவர்களின் பயம் புரிகிறது. ஆனால் புதைக்கிற வெடி முரடனை மட்டும் தேடிப்போய் வெடிக்குமா? அதே 2025 ஜூலையில் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் தாய்லாந்து வீரர்கள் கண்ணிவெடியில் சிக்கினார்கள். புதிதாகப் புதைத்தது என்று தாய்லாந்து குற்றம் சாட்டியது, கம்போடியா மறுத்தது. சில நாளில் பீரங்கிச் சண்டையே மூண்டது.

நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். பணம் கொடுக்க முடிந்தவர்கள் மேலே சொன்ன எலி நிறுவனத்துக்கோ செஞ்சிலுவைச் சங்கத்துக்கோ கொடுக்கலாம். அங்கோர் வாட் பார்க்கப் போகிறவர்கள் அருகில் அக்கி ரா அமைத்த கண்ணிவெடிக் காட்சிக்கூடத்தையும் பார்த்து வாருங்கள். சிறுவனாக இருந்தபோது படையில் கண்ணிவெடி புதைக்க வைக்கப்பட்டவர் அவர், வளர்ந்தபின் அவற்றைத் தோண்டி எடுப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார்.

நம் ஊரிலும் ஒரு காரியம் உண்டு. சப்பான்காரன் காலத்துக் குண்டுகளும் அவசரகாலத்துப் பீரங்கி உருண்டைகளும் இன்னமும் கால்வாய் வெட்டும்போதும் மறுநடவுக்கு நிலத்தைப் புரட்டும்போதும் வெளியே வருகின்றன. துருப்பிடித்த இரும்புதானே என்று பழைய சாமான்காரனுக்குப் போடத் தூக்கி வராதீர்கள். தட்டாதீர்கள், உருட்டாதீர்கள், தீ மூட்டாதீர்கள். வந்த வழியே திரும்பி நடந்து, ஒரு குச்சியில் துணி கட்டித் தூரத்தில் அடையாளம் வையுங்கள். தண்டலிடம் சொல்லிவிட்டு உடனே 999-க்கு அழையுங்கள். போலீசார் வந்து எடுக்கும்வரை பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.