கறுப்புத் திரைக்கு ஏன் பயம்?



லேப்பில் கறுப்புத் திரையைத் திறந்தாலே நம்மில் பாதிப் பேர் முகம் சுளிக்கிறோம். "மவுஸ் இருக்கும்போது இது எதுக்குடா? தாத்தா காலத்து டாஸ்!" என்று என் பெஞ்ச் நண்பனே கேலி செய்தான். முதல் செமஸ்டரில் நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மனசை மாற்றியது எங்க வீட்டுக் கூலிக் கணக்கு.

அப்பா கொத்தனார். தரமணியைச் சுற்றி எழும்பும் கட்டிடங்களில்தான் வேலை. அவருக்குப் படிக்கத் தெரியாது. எங்க குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எத்தனை நாள் வேலை என்று மேஸ்திரி சொல்வதே கணக்கு. என்னிடம் பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப் இருந்தது. 2011-இல் தொடங்கிய அரசு இலவசத் திட்டத்தில் வந்தது. விண்டோஸ் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். லினக்ஸின் கறுப்புத் திரையோ சட்டென்று வரும்.

தினமும் ராத்திரி 'எக்கோ' கட்டளையால் தேதி, இடம், முழு நாளா அரை நாளா என்று ஒரு ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன், தமிழிலேயே. (இரண்டு அம்புக்குறி போட்டால் பழைய வரிகளுக்குக் கீழே சேரும். ஒன்று மட்டும் போட்டால் பழையது அத்தனையும் போய்விடும், ஜாக்கிரதை!) மாசக் கடைசியில் 'கிரெப்' கட்டளையோடு 'மைனஸ் சி' சேர்த்து "முழு" என்ற சொல்லைத் தேடினேன். 23 என்றது. மேஸ்திரி சொன்னதோ 20! அப்பா தேதி தேதியாகச் சொல்லிக் கேட்டார். மூணு நாள் கூலி கைக்கு வந்தது.

நோட்டில் எழுதினால் போதாதா என்பீர்கள். எழுதலாம். ஆனால் ஆறு மாசக் கணக்கை ஒரு நொடியில் எண்ணித் தர நோட்டால் முடியுமா?

கற்றுக்கொள்ள அதிகமில்லை. ஃபைல் பெயரில் இரண்டு எழுத்து அடித்து 'டேப்' தட்டினால் மிச்சம் தானாக வரும். 'கன்ட்ரோல் ஆர்' அழுத்தினால் முன்பு அடித்த கட்டளையைத் தேடலாம். சந்தேகம் வந்தால் 'மேன்' என்று போட்டுக் கட்டளையின் பெயரைக் கொடுங்கள். விளக்கம் வரும், நெட் கூட வேண்டாம்.

"ஏஐ-யிடம் கேட்டால் எழுதித் தருமே?" தரும். அது சரியா என்று பார்க்க நமக்குத் தெரிய வேண்டாமா? 'ஆர்எம்' அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போகாது. போனது போனதுதான்! 'மைனஸ் ஐ' சேர்த்தால் மட்டும் கேட்டுவிட்டு அழிக்கும்.

இது செத்துப்போன வித்தையும் அல்ல. நம்ம தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-இல் 144 கம்ப்யூட்டர்களை இணைத்து 'கப்ரு' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் செய்தார்கள். அது ஓடியது லினக்ஸில். 2017 நவம்பர் முதல் உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் லினக்ஸ்தான். 1991-இல் அதை வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வயது 21, அவரும் மாணவர்தான்!

தமிழ் மீடியத்திலிருந்து வந்த நமக்கு இங்கிலீஷ் என்றால் நடுக்கம். கறுப்புத் திரை இலக்கணம் கேட்பதில்லை. முப்பது சொல் தெரிந்தால் போதும். தப்பாக அடித்தால் அது சிரிப்பதும் இல்லை, மறுபடி அடிக்கலாம்.

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: வாரம் ஒரு மணி நேரம் லேப்பை இதற்காகத் திறக்கக் கேளுங்கள். கம்ப்யூட்டர் பிரிவுக்கு மட்டுமல்ல, சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் சேர்த்து. எனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தர நான் தயார்!

– இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல்