சேம அச்சு

ஒரே லாரியைச் சொந்தமாக வைத்து ஓட்டுபவர் லோடைத் தாமே தேட வேண்டுமா, புக்கிங் ஆபீஸ் தரகரிடம் விட்டுவிட வேண்டுமா? அச்சங்குளம் போன்ற பட்டாசு ஊர்களில் இது வெறும் கமிஷன் கணக்கன்று. 2021 பிப்ரவரி 12 அன்று இவ்வூர் ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தை நாம் மறந்துவிட இயலாது. ஏற்றுவது என்ன, எவ்வளவு என்பதை வண்டிக்காரர் தம் கண்ணால் பார்த்தறிய வேண்டிய இடம் இது. ஆதலால் புறப்படும் சரக்கை ஆலையிலேயே நேரில் பேசி எடுப்பதே முறை என்பேன்.

ரிட்டன் லோடின் நிலை வேறு. வடநாட்டு நகரொன்றில் மொழியறியாது, ஆளறியாது நிற்பவர் வெறும் வண்டியோடு திரும்பினால், டீசலுக்கும் சுங்கத்துக்கும் கைப்பணமே கரையும். அங்கே தரகர் தேவைதான். ஆனால் 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும்; அப்பதிவைக் கேட்டுப் பார்க்கத் தயங்கலாகாது.

உப்பு வணிகரான உமணர், வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூறு காட்டுகிறது. மேடுபள்ளம் கருதிய முன்யோசனை அது. தரகரும் நமக்குச் சேம அச்சாகவே இருக்கட்டும். அதையே அச்சாக மாட்டிக்கொண்டவருக்கு, முறிந்தால் மாற்ற வேறொன்று இராது.